தலைக்கனத்தின் எடை

அப்பாவை அனுப்பிவைத்த மறுநாள் காலை தராசுக்காரரின் எடை மூன்று கிலோ நூற்றிருபது கிராம் கூடியிருந்தது. அது திங்கட்கிழமைதானா என்பதில் இதைச் சொல்பவருக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம். வருஷங்கள் ஆகிவிட்டன. நினைவும் ஒரு தராசுதான், ஆனால் முத்திரை வாங்காதது. ஈரக்காற்று அடித்தால் ஒரு பக்கம் சாயும், வெயில் ஏறினால் இன்னொரு பக்கம். அன்று மழை கொட்டியது என்கிறவர்கள் இருக்கிறார்கள், தூறல்கூட இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் அந்த எண் மட்டும் மாறுவதில்லை. தராசுக்காரர் வேலை பார்த்த பட்டறையின் சோதனைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்திலேயே 65.520 என்று இருக்கிறது. அதற்கு மேலே, பத்தொன்பது வருஷத்துக்கு, ஒவ்வொரு வரியிலும் 62.400.

ஊரில் எடை போட்டு விற்கிற யாராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை தராசைத் தூக்கிக்கொண்டு அந்தப் பட்டறைக்கு வந்தாக வேண்டும். சோதித்து, திருத்தி, ஈயத்தில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். நீளமான கூடம், உயரத்தில் ஜன்னல்கள், சுவரோரம் பெரிதிலிருந்து சிறிதாக இரும்புக் கற்கள், நடுவில் ஆள் ஏறி நிற்கும்படி ஒரு மேடைத் தராசு. காலை எட்டு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றி அந்த மேடையில் ஏறி நிற்பது அவர் வழக்கம். முள் அறுபத்திரண்டு கிலோ நானூறில் போய் நின்றால் தராசு நலம் என்று அர்த்தம். அளந்த சாப்பாடு, ஒரே துணியில் தைத்த ஆறு சட்டைகள், மாதத்தில் ஒரே தேதியில் முடிவெட்டு. இரும்புக் கற்களே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேய்மானம் பார்க்க வெளியூர் போய்வரும். அவருக்கு அந்தத் தேவை வந்ததில்லை. "உன்னை எண்ணெய் தடவி அலமாரியில வச்சுப் பூட்டணும்ப்பா" என்பார் பட்டறையை நடத்திய முதலாளியம்மா. அதைப் பாராட்டு என்று அவர் புரிந்துகொள்ள மூன்று வருஷம் பிடித்தது. அதுவரை எண்ணெய் என்றதும் ஓர் எட்டு தள்ளியே நின்றார்.

வீட்டில் சின்ன வயதிலிருந்து அவருக்கு எடைக்கல் என்று பெயர். அடித்தாலும் முகம் மாறாது, பொம்மை வாங்கிக் கொடுத்தாலும் மாறாது. எதிரே வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார், நலம் விசாரித்தால் பதிலுக்கு விசாரிக்கமாட்டார். அதனால் சொந்தக்காரர்களிடம் அவருக்கு இரண்டாவதாக ஒரு பெயரும் இருந்தது: தலைக்கனம் பிடித்தவன். இந்த இரண்டு பெயரிலும் கூப்பிடாத ஒரே ஆள் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறை மூடும் நேரத்துக்கு வந்து மகனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்காருவார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசமாட்டார்கள். நடுவில் மௌனம் மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை எழுந்து போகச் சொல்ல இருவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. கடைசியில் அப்பா "சரி" என்பார், எழுந்து போவார். கடைசி வெள்ளிக்கிழமை அப்படிப் போனபோது தன் குடையை ஆணியில் மறந்துவிட்டுப் போனார். சனிக்கிழமை தூக்கத்திலேயே இறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அக்கா வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். ஆள் வந்து போகும்போதெல்லாம் வாசல் கதவு கீச்சிட்டது. ஒவ்வொரு கீச்சும் தராசுக்காரரின் பல்லுக்குள் ஊசி இறக்கியது. அவர் எழுந்து போய், கீலைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினார். அப்பா உள்ளே கிடக்க மகன் கதவு ரிப்பேர் பார்க்கிறான் என்று நாலு பேர் மூக்கில் விரலை வைத்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பிவந்து உட்கார்ந்தபோது சித்தி மார்பைத் தடவிக்கொண்டு, "நெஞ்செல்லாம் பாரமா இருக்குப்பா, தாங்க முடியல" என்றார். தராசுக்காரர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "எத்தனை கிலோ இருக்கும் சித்தி?"

கூடத்தில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னடா கேட்டே?"

"பாரம்னு சொன்னாங்க. அதான் எத்தனை கிலோன்னு."

"அப்பா போனதுல உனக்கு ஒரு கிராம்கூட வருத்தம் இல்லையாடா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயில் வந்த எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார்கள். தராசுக்காரருக்கு, சோதித்துப் பார்க்காத அளவைச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் தன் உள்ளே தேடிப் பார்த்தார். மங்கலாக ஏதோ இருந்தது; பசியா, தூக்கமா, சட்டைக் காலர் உறுத்துகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியலக்கா."

"தெரியிறப்ப வந்து சொல்லு. அதுவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காதே."

அத்தான், "விடும்மா, அவனைப் பத்தித் தெரியாதா" என்று இடையில் புகுந்தார். அக்கா விடுவதாக இல்லை. தராசுக்காரர் எழுந்து போய் செருப்பைத் தேடினார். கோபத்தில் சொன்னது ஆறிப்போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் நினைக்கவில்லை. தன்னிடம் கிராம் கணக்கில் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது, பதில் கிடைக்கும்வரை அந்த வாசற்படி கிடையாது என்றே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மேடைத் தராசு 65.520 காட்டியது. அவர் தராசைத்தான் சந்தேகித்தார். பிரித்தார், நெம்புகோல்களின் கத்திமுனைகளை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார், மாட்டினார். இரும்புக் கல்லை வைத்தால் இம்மி பிசகாமல் காட்டியது. அவர் ஏறினால் மூன்று கிலோ கூட. இரண்டாவது தராசிலும் அப்படியே, மூன்றாவதிலும் அப்படியே. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பெரிய தராசுகள் அக்கக்காகக் கழன்று தரையில் கிடந்தன. முதலாளியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இது பட்டறையா, பழைய இரும்புக் கடையா?" தராசுக்காரர் சொன்னார்: "கல்லு சரியா காட்டுது. நான்தான் தப்பா காட்டுறேன்." அன்று அப்பா வரும் நேரத்தில் அவர் ஸ்டூலை எடுத்து எதிரே போட்டார், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "சரி" என்று சொல்ல ஆளில்லாததால் எப்போது எழுந்திருப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் முத்திரை குத்த மறுத்தார். தன் எடையே நிலையில்லாதவன் அடுத்தவன் தராசுக்கு எப்படிச் சாட்சி சொல்வது என்பது அவர் வாதம். தராசுகள் குவிந்தன. கடைக்காரர்கள் வந்து கத்தினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மளிகைக் கடைக்காரர் ஒருவர், "மரக்கட்டைகிட்ட பேசினாக்கூட ஒரு அசைவு இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் இளம் வயதுப் பெண். ரத்தம் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வேறு மாதிரிக் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார்: சத்தம் பற்றி, சட்டைத் துணி பற்றி, பள்ளிக்கூடத்தில் யாரோடு விளையாடினார் என்பது பற்றி. மூன்று தடவை வரச் சொன்னார். மூன்றாவது தடவை ஒரு வார்த்தை சொன்னார். ஆட்டிசம். "நாப்பத்தோரு வருஷமா இது உங்களோட இருக்கு. பேரு மட்டும் இன்னைக்குத்தான் வந்திருக்கு." அவர் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். உணர்ச்சி இல்லாதவர் இல்லை நீங்கள் என்று டாக்டர் விளக்கினார். எல்லாம் வருகிறது, வந்திருப்பது எது என்று பெயர் சொல்லி அறிவிக்கிற ஆள்தான் உள்ளே இல்லை, உங்களைப் போல நிறையப் பேருக்கு அப்படித்தான். "உடம்பு ஏதாவது ஒரு பாஷையில சொல்லிக்கிட்டுதான் இருக்கும். அது எந்தப் பாஷைன்னு கண்டுபிடிங்க."

"கிராம்ல சொல்லுது" என்றார் தராசுக்காரர்.

டாக்டர் தன்னுடைய எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார், எண்ணைப் பார்த்தார், சீட்டில் "மொழி: கிராம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். முதலாளியம்மா திரும்பி வந்து பட்டறை வாசலில் கேட்டார்: "எடை கூடுது கூடுதுன்னு சொல்றியே, மூலைச் சோதனை பண்ணினியா?"

மேடைத் தராசில் பாரத்தை நடுவில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். பிசகு எந்த மூலையில் என்று அப்போதுதான் தெரியும். அதற்குப் பெயர் மூலைச் சோதனை. பத்தொன்பது வருஷமாக அதைச் செய்துவந்த மனிதர் தன்னை மட்டும் நடுவில் நிறுத்தியே பார்த்திருக்கிறார். அந்த வாரமே ஒரு கட்டில் செய்தார். ஆறு பலகைகள், ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ஒரு கடைத் தராசு: தலைக்கு, கழுத்துக்கு, நெஞ்சுக்கு, வயிற்றுக்கு, கைகளுக்கு, கால்களுக்கு. படுத்தபடியே ஆறு முட்களையும் பார்க்க மேலே ஒரு சாய்ந்த கண்ணாடி. நாற்பது நாள் படுத்துப் படுத்துப் பார்த்ததில் சும்மா இருக்கும்போது எந்தப் பலகை எவ்வளவு காட்டும் என்பது பிடிபட்டது. கூடுதல் முழுவதும் நெஞ்சுப் பலகையில் இருந்தது.

அது ஏன் சில நாள் ஏறி, சில நாள் இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு மாதம். மழை நாட்களில் ஏறியது. ஈரத்தால் என்று நினைத்து ஜன்னல்களை அடைத்தார், பயனில்லை. மழை நாட்களில் மட்டும் தான் என்ன செய்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். மழை வந்தால் அவர் கண் ஆணிக்குப் போனது. குடையை உள்ளறைக்கு மாற்றினார்: இருநூறு கிராம் குறைந்தது. திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்: ஏறியது. வேறொரு குடையை மாட்டிப் பார்த்தார்: முள் அசையவில்லை. எந்தச் சோதனையையும் மூன்று தடவை செய்வது தொழில் முறை என்பதால் மூன்று தடவை செய்தார். மூன்றாவது தடவை அப்பாவின் குடையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுத்து, கண்ணாடியில் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, "அப்பா" என்று சும்மா சொல்லிப் பார்த்தார். முள் படக்கென்று இன்னும் நூறு கிராம் போனது. கண்ணாடியில் தெரிந்த முகம் நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தார். ஒழுகவில்லை.

அன்றிலிருந்து அவர் ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார். நெஞ்சு பாரம், மனசு லேசாச்சு, வயித்துல கல்லைக் கட்டின மாதிரி, தோள்ல இருந்த சுமை இறங்கிச்சு, கால் தரையில நிக்கல. ஊரே இத்தனை காலமும் எடை போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் முத்திரை இல்லாத தராசில். இவையெல்லாம் அளவுகள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். தொலைபேசி மணி அடித்தால் வயிற்றுப் பலகையில் தொள்ளாயிரம் கிராம், அது பயம். காலையில் சுத்தமான கற்களை வரிசையாக அடுக்கி முடிக்கும்போது மொத்தத்தில் ஒன்றரை கிலோ குறையும், அது சந்தோஷம். ஒருநாள் டப்பாவில் சிக்கியிருந்த ஒரு மில்லிகிராம் எடை வில்லை, பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது, கிடைத்தபோது ஆறு கிலோ குறைந்து, ஜன்னல் காற்றில் சுவரோரம் தள்ளப்பட்டார். அதிலிருந்து சட்டைப்பையில் இரண்டு இரும்புக் கற்கள் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கோபம் கைகளில் வந்தது, பக்கத்துக்கு இருநூறாக நானூறு. ஆனால் அது எப்போதும் தாமதம். மளிகைக் கடைக்காரர் மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை வந்து மரக்கட்டை என்றதற்கு வியாழக்கிழமை மத்தியானம்தான் கை கனத்தது. நேராகக் கடைக்குப் போனார். "செவ்வாய்க்கிழமை நீங்க சொன்னதுக்கு இப்ப எனக்குக் கோபம் வந்திருக்கு. நானூறு கிராம்." கடைக்காரர் திருதிருவென்று விழித்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி, உட்காருங்க" என்றார். உட்கார்ந்தார். இருபது நிமிஷத்தில் இறங்கியது. மளிகைக் கடைக்காரர் பிறகு யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

முத்திரை வேலையும் மறுபடி தொடங்கியது. இனி தன்னைக் கல்லாக வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்து, ஒரு இருபது கிலோ இரும்பைக் காலை வேலைக்கு நியமித்தார். கட்டில் சங்கதி பரவியது. முதலாளியம்மா முதல் ஆளாக ஏறிப் படுத்தார். ஆறு முள்ளும் அடித்துவைத்த மாதிரி நின்றன. அவர் தன் பூனை காணாமல் போனதை நினைத்துப் பார்த்தார், கணவரோடு போட்ட சண்டையை நினைத்துப் பார்த்தார், ஒரு கிராம் அசையவில்லை. "எனக்கென்ன மனசே இல்லையாப்பா?" என்று கட்டிலை விட்டு இறங்கினார். அடுத்து வந்த பத்துப் பேருக்கும் அப்படித்தான். பன்னிரண்டாவது ஆள், அச்சகத்தில் பிழை திருத்துகிற பெண். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பேனாவைத் திறந்துவிடுவார் என்பதால் எல்லோரும் அவரைச் சிவப்பு மை என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் டாக்டர் ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் படுத்ததும் கழுத்துப் பலகை முக்கால் கிலோ கூடுதலாகக் காட்டியது. சிவப்பு மை கண்ணாடியில் அந்த முள்ளைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷமா இது டான்சில்னு நெனைச்சேன்" என்றார்.

சனிக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள். பயணச்சீட்டு பரிசோதகர் ஒருவர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவர், கிரேன் ஓட்டுகிற பெண், இப்படிப் பதினேழு பேர். எல்லோரும் பெரியவர்கள், எல்லோரையும் யாரோ ஒருவர் எப்போதோ கல் என்றோ கட்டை என்றோ சொல்லியிருந்தார்கள். ஒருவருக்குப் பயம் முழங்காலில் கனத்தது, ஒருவருக்குச் சந்தோஷம் காதுகளை லேசாக்கியது. அவரவர் மூலை அவரவருக்கு. வரிசையில் காத்திருக்கும்போது யாரும் யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கூடம் முழுக்க, அப்பாவும் மகனும் வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்திருந்த அந்த மௌனம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. கிரேன்காரப் பெண் ஐந்தாவது வாரம் முள்ளைப் பார்க்காமலேயே, கண்ணை மூடிக்கொண்டு, "இது பொறாமை. அறுநூறு இருக்கும்" என்றார். அறுநூற்றுப் பத்து. பதினேழு பேரும் கை தட்டவில்லை, அந்தச் சத்தம் அவர்களுக்கு ஆகாது. எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள்.

அன்று எல்லோரும் போனபிறகு தராசுக்காரர் கட்டிலில் படுத்தார். தலைப் பலகை இருநூற்றிருபது கிராம் கூடக் காட்டியது. அதுவரை தலையில் எதுவுமே ஏறியதில்லை. அவருக்கு உடனே புரிந்தது, வயிறும் கனத்தது. தலைக்கனம். சொந்தக்காரர்கள் சின்ன வயதிலிருந்து சொன்னது கடைசியில் மெய்யாகிவிட்டது. மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. குனிந்தே நடந்தார். பதிவேட்டில் மட்டும், மறைத்துப் பழக்கமில்லாததால், எழுதிவைத்தார்: தலைக்கனம், 220.

நான்காவது சனிக்கிழமை சிவப்பு மை தன் முறைக்குக் காத்திருந்தபோது பதிவேட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார், பேனாவைத் திறந்தார்.

"இங்க ஒரு பிழை இருக்கு."

"எண் சரிதான். மூணு தடவை பார்த்தேன்."

"எண்ணுல இல்ல. சொல்லுல. இது வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவர் கிரேன்காரப் பெண்ணைச் சொன்னார், கட்டிலைச் சொன்னார், தூக்கி ஆட்டிய கைகளைச் சொன்னார். சிவப்பு மை தலைக்கனம் என்ற சொல்லைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் பெருமை என்று எழுதினார்.

"அடுத்தவங்க நம்ம தலையைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொன்னா அது தலைக்கனம். நாமே படுத்துப் பார்த்துச் சொன்னா பெருமை. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்தது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். தராசுக்காரர் அன்று நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

இத்தனைக்கும் நடுவில் அக்காவின் கேள்வி அப்படியே இருந்தது. பதில் கைவசம் வந்தும் அவர் மூன்று தடவை புறப்பட்டு, அக்கா வீட்டுத் தெருமுனை விளக்குக் கம்பம்வரை போய்த் திரும்பிவிட்டார். அங்கே வயிற்றில் பயம் ஒரு கிலோ அறுநூறு ஏறி, கால் எடுத்துவைக்க முடியவில்லை. அக்காவும் அத்தானும் ஆணி, திருகு, கம்பி விற்கும் கடை வைத்திருந்தார்கள்; இரண்டு வருஷமாகக் கடைத் தராசை அத்தான்தான் பட்டறைக்குக் கொண்டுவந்து, மச்சானைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் வருஷம் அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முத்திரைக்குக் கெடு மறுநாளோடு முடிகிறது. அக்கா தராசை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு வருஷம் நான்கு மாதம் கழித்து, தம்பியின் வாசற்படியை மிதித்தார்.

தராசை மேசையில் வைத்தார். கண் ஆணியில் தொங்கிய குடைக்குப் போனது. முதலாளியம்மா எதையோ தேடுவதுபோல உள்ளறைக்குப் போய்விட்டார்.

"நீ கேட்டதுக்குப் பதில் இருக்குக்கா" என்றார் தராசுக்காரர்.

"நான் என்ன கேட்டேன்?"

"ஒரு கிராம்கூட வருத்தம் இல்லையான்னு கேட்டே. மூவாயிரத்து நூத்தி இருபது. இப்ப ரெண்டாயிரத்துக்கு வந்திருக்கு. மழை பேஞ்சா கூடும்."

அக்கா அவரை முறைத்தார். கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தார். முகத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை. தராசுக்காரர் கட்டிலில் போய்ப் படுத்தார். "கண்ணாடியைப் பாரு. நெஞ்சுக்கு மூணாவது முள்ளு. இப்ப நீ அந்தக் குடையை எடுத்துக் கையில வச்சுக்கோ." அக்கா எடுத்தார். கண்ணாடியில் மூன்றாவது முள் மெல்ல நகர்ந்தது. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். அதே இடத்தில், மூவாயிரத்து நூற்றிருபதில், போய் நின்றது. கட்டிலில் கிடந்தவரின் முகம் எடைக்கல் மாதிரியே இருந்தது.

அக்கா குடையோடு வந்து, "எழுந்திரு, நான் படுக்கிறேன்" என்றார். படுத்தார். அழுதார், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். குலுக்கல் நின்றதும் முட்கள் அக்கா படுத்தபோது நின்ற அதே இடத்துக்கு வந்தன. தராசுக்காரர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எத்தனைடா?"

"ஒரு கிராம்கூட இல்லக்கா."

அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "என்னது? எனக்கா? நானாடா அப்பாவுக்கு..."

"தராசு காட்டலேன்னா இல்லேன்னு அர்த்தம் இல்லக்கா" என்றார் தராசுக்காரர். "இந்தத் தராசு உனக்கு ஆகாது. உனக்குக் கண்ணுல வருது. எனக்கு இங்க வருது. உன் தராசுல நான் ஏறி நின்னேன், அது என்னைக் காட்டல. அவ்வளவுதான்."

நாற்பத்துமூன்று வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி மூக்கைத் துடைத்தார். பிறகு சிரித்தார். "வாயைப் பாரு. ரெண்டு வருஷத்துல தலைக்கனம் ஏறிப்போச்சுடா உனக்கு."

"ஆமாக்கா. இருநூத்தி இருபது."

அவர் அக்காவின் தராசைச் சோதித்தார். நான்கு மூலையும் பார்த்தார். ஆணிக்கடைத் தூசி ஒரு மூலையில் அடைத்திருந்தது. ஊதினார், துடைத்தார், ஈயத்தை வைத்து முத்திரை குத்தினார். அக்கா போகாமல் ஸ்டூலை எடுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டு உட்காருவது அக்காவுக்கு வராத வித்தை. இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். ஆனாலும் முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் முழங்காலில் கை ஊன்றி எழுந்து, "சரி" என்றார்.

அத்தானின் முதுகு சரியாகிவிட்டது, என்றாலும் தராசை அக்காதான் கொண்டுவருகிறார். வருஷத்துக்கு ஒருமுறை என்பது அவர் கணக்கில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும். சித்தி கடைசிவரை தன் நெஞ்சு பாரம் எத்தனை கிலோ என்று தெரியாமலே இருந்து, எண்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். முதலாளியம்மா பட்டறையைத் தராசுக்காரர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, ஓய்வாக, பூனை வளர்க்கிறார். டாக்டர் இப்போதும் சிலருக்குச் சீட்டில் மொழி என்று போட்டு எதிரே எதையாவது எழுதிக்கொடுக்கிறார். எல்லோருக்கும் கிராம் இல்லை, ஒருவருக்கு நிறம், ஒருவருக்கு வெப்பம். சிவப்பு மை அந்தப் பதிவேடு முழுவதையும் பிழை திருத்தி முடித்தார், பட்டறைப் பெயர்ப்பலகையிலும் இரண்டு பிழை கண்டுபிடித்தார். எடை அளவு அதிகாரி கட்டிலைப் பார்வையிட வந்தார், மூலைச் சோதனை செய்தார், ஆறு பலகைக்கும் முத்திரை குத்திவிட்டுப் போனார். குடை ஆணியில் இருக்கிறது. தராசுக்காரர் தினமும் எட்டு மணிக்கு மேடையில் ஏறி நிற்கிறார், தராசு எப்படி இருக்கிறது என்று பார்க்க அல்ல. நெஞ்சில் எப்போதும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. தலையில் இருநூற்றிருபது கிராம் இருக்கிறது. அதை இறக்கிவைப்பதாக அவருக்கு உத்தேசம் இல்லை.